டீச்சரின் காருக்கு மூன்று விலை

மடுல்சீமை
12.02.2024

கதிர்காமநாதன் அவர்களுக்கு,

வணக்கம். போன வெள்ளிக்கிழமை பதுளையில உங்க இன்சூரன்ஸ் ஆபீசுக்கு வந்து, நனைஞ்ச குடையை மேசை மேல வச்சு உங்க ஃபைலை ஈரமாக்கின டீச்சர் நான்தான். பேர் பரிமளம். மடுல்சீமையில தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல கணக்குப் படிப்பிக்கிறேன்.

நாற்பத்தோரு வயசுல முதல் தடவையா ஒரு கார் வாங்கியிருக்கேன். பழசுதான், சின்னதுதான். அம்மாவை மாசம் ரெண்டு தடவை பதுளை ஆஸ்பத்திரிக்கு கிளினிக் கொண்டு போகணும். பஸ்ல நின்னுக்கிட்டே வந்து அவங்களுக்குக் கால் ரெண்டும் வீங்கிப் போகுது. அதைப் பார்க்க முடியாமத்தான் லோன் எடுத்து வாங்கினேன்.

நீங்க குடுத்த துண்டுல மூணு கம்பெனி, மூணு விலை இருக்கு. ஐம்பத்தெட்டாயிரம், எழுபத்தோராயிரம், எண்பத்தாறாயிரம். ஓரத்துல பென்சிலால 'தேர்ட் பார்ட்டி ஏழாயிரம்'னு வேற. ஒரே கார், ஒரே ரோடு, ஓட்டப் போறதும் ஒரே ஆள். விடை மட்டும் எப்படி நாலு வந்துச்சு? எங்க பிள்ளைங்க வழி எழுதாம விடையை மட்டும் எழுதினா நான் மார்க் போடுறதில்ல.

போன்ல விளக்குறேன்னு சொன்னீங்க. இங்க ஃபாக்டரிக்கு மேல இருக்கிற கல்லுல ஏறி நின்னாத்தான் சிக்னல். அதுவும் பாதிப் பேச்சுல அந்துரும். தயவுசெஞ்சு எழுதிக் குடுங்க. மடுல்சீமை பஸ் கண்டக்டர் ஸப்ரான்கிட்ட குடுத்தா கைக்கு வந்து சேரும்.

இப்படிக்கு,
பரிமளம்

பி.கு.: ஃபைல் காஞ்சிருச்சா?


பதுளை
15.02.2024

மதிப்புக்குரிய டீச்சர் அவர்களுக்கு,

வணக்கம். ஃபைல் காய்ந்துவிட்டது.

இருபத்திரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். 'எழுதிக் கொடுங்கள்' என்று கேட்ட முதல் ஆள் நீங்கள். மற்ற எல்லோரும் கேட்பது 'ஆகக் குறைஞ்சது எவ்வளவு?' என்ற ஒன்றைத்தான். எழுத உட்கார்ந்தபோது எனக்கே சில இடம் சரியாகத் தெரியவில்லை என்று புரிந்தது. கம்பெனிகளுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுதுகிறேன்.

தேர்ட் பார்ட்டி என்பது சட்டத்துக்காக எல்லோரும் கட்டாயம் எடுக்க வேண்டியது. உங்கள் கார் யாரையாவது இடித்தால் அந்த ஆளுக்குக் கிடைக்கும். உங்கள் காருக்கு ஒரு சதமும் கிடைக்காது. அதனால்தான் ஏழாயிரம். மற்ற மூன்றும் ஃபுல் இன்சூரன்ஸ். அதாவது உங்கள் காருக்கும் சேர்த்து. ஆனால் 'ஃபுல்' என்று பெயர் இருக்கிறதே தவிர, மூன்றிலும் ஒவ்வொரு ஓட்டை.

முதல் கம்பெனி மலிவு. ஆனால் எந்த விபத்து நடந்தாலும் முதல் ஐம்பதாயிரத்தை நீங்கள் கட்ட வேண்டும். மீதியைத்தான் அவர்கள் தருவார்கள். மண்சரிவும் வெள்ளமும் அதில் இல்லை. இரண்டாவதில் மண்சரிவு இருக்கிறது, உங்கள் பங்கு பத்தாயிரம்தான். ஆனால் காரில் கூட வருபவர்களுக்குக் காயம் பட்டால் ஒன்றும் கிடையாது. மூன்றாவதில் எல்லாமே உண்டு. கண்ணாடி, இழுத்து வரும் லொறி, பழுது பார்க்கும் நாளில் வாடகைக் கார் வரை.

எது சரி என்று சொல்ல, உங்கள் காரில் யார் யார் ஏறுவார்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

இப்படிக்கு,
சி. கதிர்காமநாதன்


மடுல்சீமை
20.02.2024

கதிர்காமநாதன் அவர்களுக்கு,

உங்க கடிதத்தை அம்மாவுக்குச் சத்தமா வாசிச்சுக் காட்டினேன். முப்பத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்தவங்க. மண்சரிவு இல்லாத இன்சூரன்ஸ்னு கேட்டதும், "அப்ப அது கொழும்புக்காரங்களுக்கு வச்சது. நம்மளுக்கு எதுக்கு?"ன்னாங்க. முதல் கம்பெனி அதோட முடிஞ்சுது.

காருல ஏறுறது நானும் அம்மாவும். ஆனா நான் பொய் சொல்லக் கூடாது. இங்க வேற கார் இல்ல. யாருக்காவது அவசரம்னா ஏத்தாம வர என்னால முடியாது.

ஒரு சந்தேகம். கார் வாங்கினது இருபத்தெட்டு லட்சத்துக்கு. பதினாலு லட்சம்னு போட்டா கட்டுற காசு பாதியாகுமாமே. கூடப் படிப்பிக்கிற சார் ஒருத்தர் அப்படித்தான் செஞ்சிருக்கார். முழுசா எரிஞ்சு போனாத்தானே நட்டம், சின்ன அடிக்கு என்ன ஆகப் போகுதுன்னு கேக்கிறார். சரியா?

பரிமளம்

பி.கு.: 'அந்தத் தம்பிக்கு எத்தனை பிள்ளைங்க'ன்னு அம்மா கேக்கச் சொன்னாங்க. நான் கேக்கலை. அவங்க சொன்னதை எழுதி மட்டும் வைக்கிறேன்.


பதுளை
26.02.2024

டீச்சர் அவர்களுக்கு,

அந்த சாரிடம் சொல்லுங்கள், அவருக்கு ஆபத்து சின்ன அடியில்தான். இருபத்தெட்டு லட்சம் பெறுமதியான காரைப் பதினாலு என்று காட்டினால், பாதிக் காரைத்தான் காப்புறுதி செய்திருக்கிறார் என்று கம்பெனி எடுத்துக்கொள்ளும். நாலு லட்சத்துக்குச் சேதம் வந்தால் ரெண்டு லட்சம்தான் தருவார்கள். கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

அடுத்தது இன்னும் முக்கியம். உங்கள் கார் சொந்தப் பாவனை என்றுதான் பதிவாகும். அவசரத்துக்கு யாரையும் ஏற்றலாம், பிழையில்லை. காசு வாங்கினால் அது ஹயர். ஹயருக்கு வேறு இன்சூரன்ஸ், வேறு விலை. சொந்தப் பாவனை என்று எடுத்துவிட்டு ஹயர் ஓடினால், விபத்து நடந்த அன்றைக்கு உங்கள் கையில் இருப்பது வெறும் கடதாசி. ஆகவே யார் தந்தாலும் வாங்காதீர்கள்.

இரண்டாவது கம்பெனியை எடுங்கள். கூட வருபவர்களுக்கான காப்பை நாலாயிரம் கட்டி அதிலேயே சேர்க்கலாம். எழுபத்தையாயிரத்தோடு முடிந்தது. மூன்றாவது கம்பெனியில் எனக்குக் கமிஷன் கூட. ஆனால் பழுது பார்க்கும் நாளில் வாடகைக் காரை மடுல்சீமைக்கு யார் கொண்டுவரப் போகிறார்கள்?

அம்மாவிடம் சொல்லுங்கள், பிள்ளைகள் இல்லை. மனைவி இறந்து ஒன்பது வருடம். கடைத் தெருவில் எங்கள் குடும்பத்துப் புடவைக்கடை இருக்கிறது. அண்ணன் நடத்துகிறார். நான் மேல் மாடியில் இருக்கிறேன்.

கதிர்காமநாதன்


மடுல்சீமை
09.03.2024

கதிர்காமநாதன் அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்ட படிவமும் காசு கட்டின ரசீதும் இதோட இருக்கு. கமிஷன் குறையுற பக்கம் கையைக் காட்டின மனுசனை நான் இப்பத்தான் பார்க்கிறேன்.

உங்க மனைவியைப் பத்தி எழுதினதையும் அம்மாவுக்கு வாசிச்சேன். அப்புறம் அம்மா எழும்பிப் போய் வீட்டுத் தோட்டத்துல கறிக்குப் போட்டிருந்த லீக்ஸைப் பிடுங்கினாங்க. பையில இருக்கிறது அதுதான். வேணாம்னு சொல்லிடாதீங்க, அவங்க மனசு உடைஞ்சிரும்.

இனிமே எழுத வேலை இல்லைன்னு நினைக்கிறேன். ரொம்ப நன்றி.

பரிமளம்


பதுளை
22.04.2024

டீச்சர்,

ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் உங்கள் காரின் செசி நம்பரின் கடைசி எண் மூன்றா எட்டா என்று தெளிவில்லை, எழுதி அனுப்புங்கள் என்று கேட்டேன். பிறகு எஞ்சின் நம்பர். பிறகு முன் டயரின் அளவு. செசி நம்பர் முதல் நாளிலிருந்தே தெளிவாகத்தான் இருந்தது. டயர் அளவை எந்தக் கம்பெனியும் கேட்பதில்லை.

நீங்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம் எழுதினீர்கள். தோட்டத்துப் பெரட்டுக் களத்தில் ரிவர்ஸ் பழகியதை எழுதினீர்களே, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிட நின்ற ஆட்கள் எல்லாம் 'ஸ்டியரிங்கை ஒடிங்க டீச்சர், ஒடிங்க' என்று கத்தினார்கள் என்று. அதை வாசித்துவிட்டு ஆபீசில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து மேசை ஷிஹானா, "அண்ணன் சிரிச்சு நான் இன்னைக்குத்தான் பார்க்கிறேன்" என்றாள்.

கோபம் என்றால் எழுதாமல் விட்டுவிடுங்கள். புரிந்துகொள்வேன்.

கதிர்காமநாதன்


மடுல்சீமை
27.04.2024

டயர் அளவு கேட்ட கதிர்காமநாதன் அவர்களுக்கு,

கோபம்தான். டயர்ல இருந்த அந்த எண் வெயிலுக்கும் மழைக்கும் தேஞ்சு போயிருந்துச்சு. மண்டியிட்டு, டோர்ச் அடிச்சு, சீலையெல்லாம் சேறாக்கிப் படிச்சேன்.

ஆனா எனக்கும் ஒரு உண்மை இருக்கு. டயர் அளவு எதுக்குன்னு நான் அன்னைக்கே யோசிச்சேன். யோசிச்சுட்டுத்தான் ரெண்டு பக்கம் எழுதினேன்.

இனிமே டீச்சர்னு எழுதாதீங்க. இந்த மலையில நாய் பூனையைத் தவிர எல்லாரும் என்னை டீச்சர்னுதான் கூப்பிடுறாங்க. பேர் சொல்லிக் கூப்பிட அம்மா ஒருத்தங்கதான் இருக்காங்க.

பரிமளம்


மடுல்சீமை
28.11.2024

கதிர்,

நேத்து ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு வந்துட்டேன். இடது தோள் எலும்புக்கு ஆறு கிழமை கட்டு, ஒண்ணரை மாசம். வலது கை நல்லா இருக்கு, அதனாலதான் எழுதுறேன்.

வார்டுல நீங்க ஹோர்லிக்ஸ் போத்தலைக் கையில வச்சுக்கிட்டு அரை மணி நேரம் நின்னீங்க. ஒன்பது மாசமா இவ்வளவு எழுதின மனுசன், நேர்ல 'வலிக்குதா'ன்னு மட்டும் கேட்டீங்க. நானும் 'இல்ல'ன்னு மட்டும் சொன்னேன். வலிச்சுது. உங்ககிட்ட அங்க சொல்ல முடியாததை இப்ப சொல்றேன்.

அன்னைக்கு மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கீழ் டிவிஷன் ரஜீவ் ஓடி வந்தான். அவன் சம்சாரம் யசோதினிக்கு வலி வந்துருச்சு, தலைப்பிள்ளை, தோட்டத்து லொறி ரிப்பேர்ல. ஏத்திக்கிட்டுக் கிளம்பினேன். நல்ல மழை. பசறைக்கு இந்தப் பக்கம் ஒரு வளைவுல மேல் மண் அப்படியே வந்து பொனட் மேல விழுந்துச்சு. கார் சறுக்கி முன் சில்லு ரெண்டும் ரோட்டோரத் தண்ணி ஓடுற கானுக்குள்ள. கொஞ்சம் அந்தப் பக்கம் போயிருந்தா கீழே தேயிலைதான், நிக்க இடமில்ல. பின்னால வந்த டிப்பர்காரர்தான் எங்களை ஏத்திக்கிட்டுப் போனார். யசோதினிக்குக் கையில நாலு தையல். பொம்பளைப் பிள்ளை, ரெண்டே முக்கால் கிலோ. நல்லா அழுதுச்சு. எனக்கு அந்தச் சத்தம் போதும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கிளெய்ம் படிவத்துல ஒரு கேள்வி இருக்கு: 'பயணிகளிடம் பணம் பெறப்பட்டதா?'

கிளம்பும்போது ரஜீவ் மூவாயிரம் ரூபா எடுத்து முன்னால வச்சான். "பெட்ரோலுக்கு டீச்சர்"ன்னான். மாசக் கடைசி. டேங்க்ல முள்ளு கீழே கிடந்துச்சு. நான் வேணாம்னு சொல்லாம எடுத்து ஹேண்ட்பேக்ல போட்டேன். பசறையில பெட்ரோல் அடிக்கலாம்னு நினைச்சேன். பசறை வரைக்கும் போகவே இல்ல.

நீங்க பிப்ரவரியில எழுதினது எனக்கு மனப்பாடம். இந்தக் கேள்விக்கு என்ன எழுதுறது?

பரிமளம்


பதுளை
30.11.2024

பரிமளம்,

'இல்லை' என்று எழுதுங்கள்.

கராஜில் கேட்டேன். ஆறு லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள். 'ஆம்' என்று போட்டால் ஹயர் என்று தள்ளிவிடுவார்கள். கார் போகும், லோன் மட்டும் மூன்று வருடம் இருக்கும், அம்மா மறுபடியும் பஸ்ஸில் நிற்பார். மூவாயிரம் ரூபாயைக் கண்டது நீங்களும் ரஜீவும் யசோதினியும்தான். நீங்கள் சொன்னால் ரஜீவ் வாய் திறக்க மாட்டார்.

இருபத்திரண்டு வருடத்தில் நான் யாருக்கும் இப்படிச் சொன்னதில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

கதிர்


மடுல்சீமை
03.12.2024

கதிர்,

'ஆம்'னு எழுதிட்டேன். தொகையும் எழுதினேன், எதுக்குன்னும் எழுதினேன். படிவம் இதோட இருக்கு. அனுப்புங்க.

நான் சொன்னா ரஜீவ் வாய் திறக்க மாட்டான்னு எழுதியிருந்தீங்க. அதுதான் எனக்குப் பயம். ஏழாம் வகுப்புல என்கிட்ட படிச்சவன். நான் சொன்னா எதையும் செய்வான். தலைப்பிள்ளை பிறந்த சந்தோஷத்துல இருக்கிறவனைக் கூப்பிட்டு, ஒரு பொய்யை மனப்பாடம் பண்ணுன்னு சொல்லணுமா? நாளைக்கு அந்தப் பிள்ளையும் என் வகுப்புக்குத்தான் வரும்.

கார் போனா போகட்டும்னு எழுத எனக்கு மனசு வரல. கார் நின்ன கொட்டகை வெறிச்சுன்னு கிடக்கு, அந்தப் பக்கம் பார்க்காமலே போறேன். அம்மா, "பஸ் ஓடுதுதானே"ன்னு மட்டும் சொன்னாங்க.

எனக்காகத்தான் நீங்க அப்படி எழுதினீங்கன்னு தெரியும். தெரிஞ்சதுனாலதான் ரெண்டு நாள் அழுதேன். எனக்காக ஒருத்தர் இப்படிக் கெட்டுப் போகத் தயாரா இருந்தது இதுதான் முதல் தடவை. சந்தோஷப்படுறதா வருத்தப்படுறதான்னு தெரியலை. அதுக்காக உங்களைக் கெட்டுப் போக விட மாட்டேன்.

பரிமளம்


பதுளை
27.12.2024

பரிமளம்,

மூன்று கிழமை எழுதவில்லை. வெட்கம். பேனையை எடுத்தால் நவம்பர் முப்பதாம் திகதிக் கடிதம்தான் கண்ணுக்கு முன்னால் வரும்.

உங்கள் படிவத்தை அனுப்பிய ஐந்தாம் நாளே கம்பெனியிலிருந்து போன் வந்தது. 'ஹயர், கிளெய்ம் கிடையாது' என்றார்கள். அன்றைக்கு இரவு ரயிலில் கொழும்புக்குப் போனேன். இரண்டு நாள் அவர்கள் தலைமை ஆபீசில் உட்கார்ந்தேன். கடைசியில் ஒரு பெரியவர் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்குச் சொன்னேன்: "சார், ஹயர் ஓடுகிறவர் 'ஆம்' என்று எழுதுவாரா? பிள்ளை பெறப் போகிற பெண்ணை ஏற்றினார். பெட்ரோலுக்குக் கொடுத்ததை வாங்கினார். வாங்கியதை மறைக்கவும் இல்லை." அவர் மடுல்சீமைக்கு ஒரு விசாரணை ஆளை அனுப்பினார். உங்களுக்குத் தெரியாது. அந்த ஆள் தொழிலாளர் வீடுகள் இருக்கிற லயம் லயமாகப் போய், 'டீச்சர் காருக்கு எவ்வளவு வாங்குவாங்க?' என்று கேட்டிருக்கிறார். ஒரு அம்மா அவரைத் துடைப்பத்தோடு துரத்தினாராம். அறிக்கையில் அப்படியே எழுதியிருக்கிறது.

நேற்றுக் கடிதம் வந்தது. உங்கள் பங்கு பத்தாயிரம் போக, பழுது முழுவதும் கம்பெனி பொறுப்பு. யசோதினியின் கைக்கும் உங்கள் தோளுக்கும் தனியாக வருகிறது. மண்சரிவும், கூட வருபவர்களும், இரண்டுமே நீங்கள் சேர்த்து எடுத்ததால்தான்.

இனி, சொல்லக் கூசுவதைச் சொல்கிறேன். ரஜீவ் விபத்து நடந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிப் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். 'டீச்சருக்குப் பெட்ரோலுக்கு மூவாயிரம் குடுத்தேன்' என்று அதில் இருக்கிறது. நான் அதைக் கொழும்பில்தான் பார்த்தேன். என் பேச்சைக் கேட்டு நீங்கள் 'இல்லை' என்று எழுதியிருந்தால், இரண்டு கடதாசியையும் பக்கத்தில் வைத்து, பொய் சொன்னவர் என்று உங்கள் பெயரை வெட்டியிருப்பார்கள். உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்து, என் கையாலேயே தள்ளிவிடப் பார்த்திருக்கிறேன்.

மன்னிப்பீர்களா என்று கேட்பதற்கு முன்னால் இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். இரண்டுக்கும் சேர்த்துப் பதில் எழுதுங்கள். எனக்கு நாற்பத்தேழு வயது. உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புகிறேன்.

அண்ணனிடம் சொன்னேன். மறைக்காமல் எழுதுகிறேன். "தோட்டத்துப் பக்கம் சம்பந்தமா? கடைத் தெருவில் எப்படி நடப்பேன்?" என்றார். அதற்கு நான், "நடக்க வேண்டியது நான், அண்ணா" என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. அண்ணி மட்டும் சாப்பாட்டை மேலே அனுப்புகிறார்.

கதிர்


மடுல்சீமை
02.01.2025

கதிர்,

துடைப்பத்தோட துரத்தினது எங்க அம்மாதான். கம்பெனி ஆள்னு தெரியாது, கடன்காரன்னு நினைச்சிருக்காங்க. இப்ப ரொம்ப வெட்கப்படுறாங்க. அறிக்கையில பேர் இருக்கான்னு கேக்கிறாங்க.

முதல் கேள்விக்குப் பதில்: மன்னிக்க ஒண்ணுமில்ல. ரெண்டு நாள் ரயிலும் ஆபீசுமா அலைஞ்சு நீங்களே அதைத் திருத்திட்டீங்க. ஆனா ஒண்ணு. இனிமே எனக்கு நல்லதுன்னு நினைச்சு என்கிட்ட பொய்யான வழி காட்டக் கூடாது. கஷ்டமான வழின்னாலும் பரவாயில்ல, சேர்ந்து நடப்போம்.

'சேர்ந்து'ன்னு எழுதிட்டேன். ரெண்டாவது கேள்விக்கும் பதில் அதுதான்.

ஆனா சிலதை இப்பவே சொல்லணும். பள்ளிக்கூடத்தை நான் விட மாட்டேன். அம்மாவை விட்டுட்டு வர மாட்டேன். உங்க மாடி வீட்டுக்கு வந்து, கீழே அண்ணன் முகம் திருப்பிக்கிட்டுப் போறதைத் தினமும் பார்க்க என்னால முடியாது. அவரைப் பகைச்சுக்கிட்டு வாங்கன்னும் சொல்ல மாட்டேன். ஒன்பது வருஷம் நீங்க தனியா இருந்தப்போ உங்களுக்குச் சோறு போட்டது அந்த வீடு. அவர் என்னைப் பார்த்ததில்ல, பார்க்காம வேணாம்னு சொல்றார். பார்த்துட்டுச் சொல்லட்டும்னு கேளுங்க. நாங்க எப்படி இருக்கோம், என்ன சாப்பிடுறோம், எங்க படுக்கிறோம், எல்லாத்தையும் வந்து பார்க்கட்டும். மறைக்கிறதுக்கு எங்ககிட்ட ஒண்ணுமில்ல.

பொங்கலுக்கு மறுநாள் வாங்க. அவர் வரலைன்னாலும் நீங்க வாங்க.

பரிமளம்


பதுளை
09.01.2025

பரிமளம்,

உங்க கடிதத்தை அண்ணன்கிட்ட குடுத்தேன். என் வாயால சொன்னா மாத்திச் சொல்லிருவேனோன்னு பயம். கல்லாவுல உட்கார்ந்தே வாசிச்சார். ரெண்டு தடவை வாசிச்சார். கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். மடிச்சு என் கையில குடுத்துட்டு, துணி அளக்கப் போயிட்டார்.

மூணு நாள் அப்படியே போச்சு. இன்னைக்குக் காலையில கடை திறக்கும்போது, முதுகைக் காட்டிக்கிட்டே கேட்டார்:

"மடுல்சீமைக்கு முதல் பஸ் எத்தனை மணிக்கு?"

ஆறே காலுக்குன்னு சொன்னேன். எனக்காகக் கேட்டாரா, தனக்காகக் கேட்டாரான்னு நான் கேக்கலை. ரெண்டு சீட்டுக்குச் சொல்லி வச்சிருக்கேன்.

கதிர்